கோழி டாக்டரம்மா பார்த்த மீன்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி டம்ளரோடு மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் அவள் நிற்கும் விதம் சரியில்லை என்று கண்டேன். வழக்கமாக என் நிழல் பட்டதுமே கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறவள், அன்றைக்கு ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவே மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். தலை தாழ்ந்திருந்தது. வயிறு கோலிக்குண்டை விழுங்கியதுபோல் உப்பியிருந்தது. நான்கு பருக்கை தீனியைப் போட்டேன். அவன் வந்து நான்கையும் தின்றுவிட்டுப் போனான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள், அவன் என்று நான் சொல்வது இரண்டு ஏஞ்சல் மீன்களை. தொட்டி வந்தது என் மகளுக்காக. ஆறு குஞ்சுகளை வாங்கிவிட்ட பிறகு மகள் கோவைக்குப் படிக்கப் போய் விடுதியில் சேர்ந்துகொண்டாள். தொட்டியும் ஆறு மீனும் எனக்கு வந்து சேர்ந்தன. வளர்ந்ததும் ஆறில் இரண்டு ஜோடி சேர்ந்து, மற்ற நான்கையும் ஒரு மூலைக்கு விரட்டி நகரவிடாமல் வைத்திருந்தன. அந்த நான்கையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு தொட்டி இவர்கள் இருவருடையது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஃபில்டர் குழாயை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்வார்கள். அவள் வரிசையாக முட்டை ஒட்டிக்கொண்டே போவாள். அவன் பின்னாலேயே போவான். பிறகு இருவரும் முறை போட்டுக்கொண்டு துடுப்பால் விசிறுவார்கள். முதல் இரண்டு முறை முட்டை வெளுத்துப் பூஞ்சை பிடித்துப் போயிற்று. மூன்றாவது முறை பொரித்தது. எங்கள் வீட்டில் பிறந்த ஏஞ்சல்கள் இன்றைக்கு எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் இருக்கின்றன.

திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டில் நானும் மாமனாரும்தான். வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் மேனேஜர். ஆடி நோன்புக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று எங்கேயாவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். நான் இங்கே ஒரு கல்லூரியில், வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். மாமனார் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்ட பிறகு அவருக்குச் செய்தித்தாளும் செல்போனும்தான் வேலை. அவருக்கு மீன் தொட்டி பிடிக்காது. "கொளம்புக்கும் ஆவாது, கோயிலுக்கும் ஆவாது, இதுக்கு எதுக்கு அம்மிணி இத்தன கரண்டு?" என்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பார்.

அன்றைக்கு முதலில் கடைக்காரருக்குத்தான் போன் செய்தேன். ஈரோட்டில் இருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர்.

"வவுறு உப்பியிருக்குதுங்களா? அது பெரும்பாலும் பொழைக்காதுங்க அக்கா. நீல மருந்து ரெண்டு சொட்டு ஊத்திப் பாருங்க. போச்சுன்னா வாங்க, வேற பொட்டையாப் பாத்து ஒண்ணு தாரேன்" என்றார்.

வேற பொட்டையா! போனை வைத்துவிட்டேன். அவன் அதற்குள் மூலைக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கொத்தவில்லை, விரட்டவில்லை, சும்மா நின்றான். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து மாடிக்குப் போனேன்.

மாடியில் குடியிருப்பவர் ஒரு கால்நடை மருத்துவர். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். நாமக்கல் சுற்றுவட்டாரத்துக் கோழிப் பண்ணைகளுக்குப் போய் வருகிற வேலை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் கோழி டாக்டரம்மா. விடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினால், இருட்டுவதற்குள் திரும்பி, நேராக மாடிப்படியில் ஏறிக் குளித்துவிட்டுத்தான் யாரிடமும் பேசுவார். ஒரு பண்ணையின் நோயை இன்னொரு பண்ணைக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்று பழகிய பழக்கம்.

அவர் ஞாயிற்றுக்கிழமைத் துணிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையில் கிளிப்போடு என்னையே பார்த்தார்.

"அக்கா, நான் மீன் பாத்ததே இல்லக்கா. காலேஜ்ல ஒரு பாடம் இருந்துச்சு, அவ்ளோதான். நான் பாக்கறது ஷெட்டுக்கு இருபதாயிரம் கோழி. ஒண்ணு ரெண்டு சீக்கா இருந்தா அறுத்துப் பாத்து, இன்ன நோய்னு கண்டுபிடிச்சு, மிச்சத்துக்கு மருந்து எழுதுவேன்."

"அறுத்துப் பாக்கறதா?"

"அதான் எங்களுக்கு முதல் பரிசோதனையே" என்று சொன்னவர், என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி, சரி. அறுக்காம பாக்கலாம். வாங்க."

கீழே வந்ததும் கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். "கோழிக்கு வர்ற வெள்ளைக்கழிச்சல் மீனுக்கு வராதுக்கா. ஆனாலும் பழக்கம்" என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். கால்மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். செல்போன் டார்ச்சை மேலேயிருந்து அடித்துப் பார்த்தார். பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தார். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமனார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். அப்புறம் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு அவரும் பார்க்க ஆரம்பித்தார்.

"செதில் தூக்கல. கண்ணு பிதுங்கல. உள்ள நீர் கோத்திருந்தா செதிலெல்லாம் விரிஞ்சு நிக்கும்னு படிச்ச ஞாபகம். அது இல்ல. அடியில இந்தக் குழாய் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே, இது எப்பவும் இப்படித்தானா?"

"முட்டை போடறப்ப மட்டும் வருமுங்க. ஒரு நாள், ரெண்டு நாள் இருக்கும். இந்தத் தடவை ஒரு வாரமா இருக்குது. ஃபில்டர் குழாயைக் கொத்திக் கொத்திச் சுத்தம் பண்ணுனாங்க ரெண்டு பேரும். ஆனா முட்டை போடவே இல்லை."

டாக்டரம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அக்கா, இது எனக்குத் தெரிஞ்ச கேஸ்! கோழிக்கு வர்றதுதான். முட்டை அடைச்சுக்கிச்சு."

"கோழிக்கு அடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"வெதுவெதுப்பான தண்ணில உக்கார வைக்கச் சொல்லுவோம்." சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். "இது ஏற்கெனவே தண்ணிலதான் உக்காந்திருக்கு."

நான் சிரித்தேன். மாமனாரும் சிரித்தார். ஆனால் டாக்டரம்மா சிரிக்கவில்லை. யோசித்தார். பிறகு பண்ணையில் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். தீனி மாற்றினீர்களா, தண்ணீர் எப்போது மாற்றினீர்கள், காவிரித் தண்ணீரா போர்த் தண்ணீரா, பக்கத்தில் பூச்சி மருந்து அடித்தீர்களா, கரண்ட் போயிற்றா. எதற்கும் இல்லை என்றுதான் பதில் வந்தது. மாமனாரைப் பார்த்து, "தாத்தா, நீங்க பகல் பூரா இங்கதானே இருக்கீங்க, ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?" என்றார்.

"ஒண்ணும் நடக்கலீங்க டாக்டரம்மா."

"ஹீட்டர் ஒழுங்கா ஓடுதாக்கா? இது மார்கழி."

"நல்லா ஓடுதுங்க. தெனமும் காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சுப் பாக்கறப்ப செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும்."

"தெனமுமா?"

"தெனமும்."

"அது எப்படிக்கா? சூடு ஏறிடுச்சுன்னா லைட் அணைஞ்சு, குறைஞ்சா எரியணும். எங்க குஞ்சு ஷெட்டுலயும் அப்படித்தான். நீங்க பாக்கறப்ப எல்லாம் எரியுதுன்னா, அது ராத்திரி பூரா சும்மா இருந்துட்டு அப்பத்தான் வேலையை ஆரம்பிக்குதுன்னு அர்த்தம்."

எனக்குச் சுரீர் என்றது. பதினெட்டு வருடமாக ஆய்வகத்தில் தெர்மாமீட்டர்களைக் கழுவித் துடைத்து அடுக்குகிறவள் நான். என் வீட்டுத் தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டை வெளுத்துப்போய் ஒரு வருடமாகிறது. அதை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. நான் இப்படி நொந்துகொண்டிருந்தபோது, மாமனார் செய்தித்தாளை மெதுவாக இரண்டாக மடித்தார். அப்புறம் நான்காக மடித்தார்.

"மாமா?" என்றேன்.

"என்ற ரூம்பு பிளக்கு லூசாப் போச்சு அம்மிணி. தீவாளி நோம்பிக்கு முன்னயே. போன் சார்ஜே ஏற மாட்டேங்குது."

"அதனால?"

"படுக்கறப்ப ஹீட்டரக் கழட்டிட்டு இந்தப் பிளக்குல போன மாட்டுவேன். அஞ்சு மணிக்கு எந்திரிச்சதும் அதையத் திருப்பி மாட்டிருவேன். ஒரு நாளுங்கூட மறந்ததில்ல சாமி!"

மறக்காமல் மாட்டியதைத்தான் பெரிய தர்ம காரியம்போல் சொன்னார். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எந்தப் பண்ணைக்குப் போனாலும் சூப்பர்வைசர் மொதல்ல ஒண்ணும் நடக்கலன்னுதான்க்கா சொல்லுவார்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மடித்த செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எண்பது வயது மனிதர், வீட்டுப்பாடம் எழுதாத பையன்போல் நின்றதைப் பார்த்ததும் அது தங்கவில்லை.

அதற்கப்புறம் வேலை வேகமாக நடந்தது. டாக்டரம்மா மீன்வளம் படித்த தன் தோழி ஒருத்தியைப் போனில் பிடித்தார். இருவரும் பேசி, முட்டை அடைப்புதான் என்றும், அத்தோடு மலச்சிக்கலும் இருக்கலாம் என்றும், சூடும் பேதி உப்பும் பட்டினியும்தான் வைத்தியம் என்றும் முடிவு செய்தார்கள். பேதி உப்பு டாக்டரம்மாவிடமே இருந்தது. கோழிக்குக் கொடுப்பது. எப்சம் உப்பு என்று கடையில் சொன்னாலும் கொடுப்பார்கள். ஆனால் அளவில்தான் தடுமாறினார். தோழி சொன்னதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று முறை கூட்டிப் பார்த்தார்.

"எங்க கணக்கெல்லாம் ஒரு டன் தீவனத்துக்கு இத்தனை கிலோன்னு இருக்கும்க்கா. நான் ஸ்பூன்ல அளந்து எத்தனை வருசமாச்சு!"

சேலை வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் காலி செய்து கழுவினேன். தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்றி, உப்பைத் தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். வலையில் பிடித்தால் மிரளுவாள் என்று ஒரு சொம்பைத் தொட்டிக்குள் சாய்த்துப் பிடித்தேன். அவளுக்கு ஓடத் தெம்பில்லை. தானாகவே உள்ளே நழுவினாள். அவன்தான் சொம்பை இரண்டு முறை முட்டினான்.

இருந்த ஒரு ஹீட்டரையும் எடுத்துவிட்டால் அவனுக்குக் குளிருமே என்று யோசித்தபோது, டாக்டரம்மா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். முக்கால் மணி நேரத்தில், கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டத் தொங்கவிடும் பெரிய பல்பும் தகரக் குடையுமாக வந்தார். பெட்டிக்கு மேலே உயரமாக, துணி காயப்போடும் கம்பியில் அதைக் கட்டினோம். மஞ்சள் வெளிச்சம் தண்ணீரில் இறங்கியது. அதன் அடியில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள்.

மறுநாள் கல்லூரியில் சொல்லிவிட்டு ஒரு தெர்மாமீட்டரைக் கடனாக வாங்கி வந்து பெட்டிக்குள் நிறுத்தி வைத்தேன். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாமனார் தானாகவே ஏற்றுக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. பழைய தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் மணிக்கொருமுறை எழுதினார். எட்டு மணி இருபத்தெட்டு. ஒன்பது மணி இருபத்தெட்டரை. நான் வேலையிலிருந்தபோது போன் செய்து, "முப்பதாவப் போவுது அம்மிணி, பல்ப்ப ஒரு சாண் மேல தூக்கிக் கட்டட்டுமா?" என்று கேட்டார். என் வேலையைக் குறித்தோ, மகளின் படிப்பைக் குறித்தோகூட அவர் பகலில் போன் செய்ததில்லை.

ஆனால் பட்டினி வைத்தியம் அவருக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. "நோவுல கெடக்கறதுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தாம எந்த ஊர்ல வைத்தியம் பாக்கறாங்க?" என்று என்னிடம் கேட்டார். டாக்டரம்மா படியேறும்போது மறித்து அவரிடமும் கேட்டார். "தாத்தா, உள்ள போறதுக்கு வழியில்ல. வெளிய வர்றதுக்கும் வழியில்ல. இப்பப் போய்ச் சோத்தப் போட்டா எங்க போகும்?" என்றார் டாக்டரம்மா. அது அவருக்குப் புரிந்தது. அதன் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் அவரே விளக்கம் சொன்னார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். பின்னால் ரிக் வண்டி, சிவப்பு மண், துண்டைத் தலையில் கட்டிய ஆட்கள். போனைப் பெட்டிக்கு நேராகக் காட்டினேன்.

"ஏனுங்க, பாருங்க, இப்படித்தான் நிக்கறா."

"அடைப்புதான? இதுக்குப் போயி மருந்து கிருந்துன்னுட்டு. போர்ல அடைப்புன்னா நாங்க கம்ப்ரசரப் போட்டு ஒரே ஊது. அம்புட்டுந்தான்!"

பக்கத்தில் நின்றிருந்த டாக்டரம்மா போனுக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணா, நீங்க பொங்கலுக்கு வர்றப்ப மீன் பக்கமே வரக்கூடாது" என்றார். அந்தப் பக்கம் ரிக் வண்டி ஆட்கள் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்டது. சிரித்து முடித்ததும் வீட்டுக்காரர், "பொழைச்சுக்கும் அம்மிணி, நீ சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

மூன்றாம் நாள் எனக்கு நம்பிக்கை குறைந்தது. காலையில் அவள் பெட்டியின் அடியில் கிட்டத்தட்ட படுத்திருந்தாள். செவுள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பண்ணைக்குக் கிளம்பும் உடுப்போடு குந்தி உட்கார்ந்து பார்த்தார். பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் புதுத் தண்ணீர் விடச் சொன்னார். உப்பைக் கூட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"எனக்கே பயமா இருக்குக்கா" என்றார் சட்டென்று. "வேலைக்கு வந்ததுலேருந்து நூறு செத்துச்சு, ஐநூறு செத்துச்சுன்னு எழுதியிருக்கேன். சராசரி எவ்ளோ, நஷ்டம் எவ்ளோன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. ஒண்ணே ஒண்ணு பொழைக்குமான்னு யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல. நீங்க கேட்டுட்டீங்க."

"காபி குடிச்சுட்டுப் போங்க" என்றேன். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

அன்று நான் கல்லூரியில் இரண்டு பியூரெட்டை உடைத்தேன். மூன்று மணிக்கு மாமனார் போன் செய்தார்.

"அம்மிணி, தெர்மாமீட்டர்ல என்னமோ பூச்சி ஏறியிருக்குது. நம்பரே தெரியல. தொடைக்கட்டுமா?"

"என்ன பூச்சிங்க மாமா?"

"வெள்ளவெள்ளையா, கடுகாட்டம். வரிசையா ஒட்டியிருக்குது."

நான் கத்திய கத்தலில் ஆய்வகத்திலிருந்த மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "தொட்றாதீங்க மாமா! பெட்டிக்குள்ள கையே விட்றாதீங்க!"

பேராசிரியரிடம் வீட்டில் உடம்பு சரியில்லாத ஒருவருக்குப் பிரசவம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்யென்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வந்து பார்த்தால், நிமிர்ந்து நின்ற கண்ணாடித் தெர்மாமீட்டரில் கீழிருந்து மேலாக முட்டை. நல்ல முட்டைகள் அல்ல. பாதி வெளுத்தவை, சில ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டியவை. பெட்டியின் அடியிலும் இறைந்து கிடந்தன. அவள் வயிறு வற்றியிருந்தது. களைத்திருந்தாலும் நேராக நின்றாள். அந்த உதவாத முட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தாள்.

மாமனார் என் பின்னால் நின்று, "இத்தனையுமா அந்த வவுத்துக்குள்ள கெடந்துச்சு?" என்றார்.

டாக்டரம்மாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. முதல் தடவையாக அவர் குளிக்காமல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. பண்ணைத் துணியோடு வாசலிலேயே நின்று, "பெட்டியை இங்க கொண்டாங்கக்கா, இங்க கொண்டாங்க" என்றார். இருபது லிட்டர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நான் எப்படி வர முடியும்? ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "கோழி மாதிரியேதான்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார்.

மறுநாள் பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலுரித்து, நகத்தால் கிள்ளிப் போட்டோம். முதலில் துப்பினாள். சாயங்காலம் தின்றாள். இரண்டு நாளில் அவள் பழையபடி என் நிழலுக்கு வந்து வாயைத் திறந்தாள். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துச் சொம்பில் எடுத்துப் பெரிய தொட்டியில் விட்டேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் கோபமோ என்னவோ. ஒரு வாரம் தனியாக இருந்து தொட்டி முழுவதும் தனது என்று முடிவு செய்திருந்தான். அவள் உள்ளே வந்த நிமிடமே பாய்ந்து பக்கவாட்டில் முட்டினான். அவள் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்தாள். அங்கேயும் போய் முட்டினான். வால் நுனி கிழிந்தது.

"பொண்டாட்டி ஆசுபத்திரியிலிருந்து வந்திருக்கறா, அடிக்கிறானே படுபாவி!" என்று மாமனார் தொட்டியைத் தட்டினார்.

அவசரமாக ஜன்னலுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் வலையை வெட்டி, சட்டத்தில் கட்டித் தொட்டியின் நடுவே நிறுத்தினோம். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். டாக்டரம்மாவின் தோழி போனில் இன்னொரு யோசனை சொன்னாள். தொட்டியில் இருக்கும் கல், செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டால் அவனுக்கும் அது புது வீடாகிவிடும், தன் இடம் என்ற திமிர் போய்விடும் என்றாள். ஃபில்டரை இடமிருந்து வலத்துக்கு மாற்றினேன். கற்களைக் கலைத்தேன். மாமனார் மேற்பார்வை பார்த்தார். "அந்தக் கல்ல இக்கட்டால, இந்தப் பக்கமா வையி. அதுதான் அவன் ஏறி நின்னு மொறைக்கற எடம்." அவன் எங்கே நின்று முறைப்பான் என்பது எனக்கே தெரியாது. பகல் முழுவதும் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று நாள் வலைக்கு இருபுறமும் நின்றார்கள். முதல் நாள் அவன் வலையை முட்டினான். இரண்டாம் நாள் முட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் இருவரும் வலையை ஒட்டி, ஒரே உயரத்தில், ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். டாக்டரம்மா மேலேயிருந்து இறங்கி வரட்டும் என்று காத்திருந்து, அவர் வந்ததும் வலையை எடுத்தேன். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவன் வந்தான். அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். அவள் நகரவில்லை. இருவரும் எதிரெதிராக நின்று துடுப்பை விரித்து உடம்பைச் சிலிர்த்தார்கள். வாயோடு வாய் கவ்விக்கொண்டு ஒரு இழு இழுத்தார்கள். பிறகு விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் சேர்ந்து நீந்திப் போனார்கள்.

"அம்புட்டுதானா?" என்றார் மாமனார் ஏமாற்றத்தோடு.

பொங்கலுக்கு வந்த வீட்டுக்காரர் முதல் வேலையாக மாமனார் அறையில் புது பிளக் பாயின்ட் போட்டுக் கொடுத்தார். டாக்டரம்மா சொன்னபடியே மீன் பக்கம் வரவில்லை. தூரத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாசி மாதத்தில் அவள் மறுபடியும் முட்டை வைத்தாள். நல்ல முட்டை, வரிசை தப்பாமல். தெருவெல்லாம் சொல்லியாயிற்று. மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. இருவரும் சேர்ந்து தின்றிருந்தார்கள். ஏஞ்சல் மீன்கள் சில நேரம் அப்படிச் செய்யும். நான் பழகியவள். ஆனால் மாமனார் அன்றைக்கு முழுவதும் தொட்டிப் பக்கமே போகவில்லை. "இதுக்கா நான் மணிக்கொருக்கா சூடு பாத்தேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பங்குனியில் வைத்ததைத் தின்னவில்லை. மூன்றாம் நாள் முட்டைகளில் வால்கள் துடித்தன. ஒரு வாரத்தில் குஞ்சுகள் பெற்றோரின் பின்னால் மேகம்போல் நீந்தின. அறுபதுக்கு மேல் இருக்கும். எண்ண முயன்று விட்டுவிட்டேன். டாக்டரம்மா அதைப் பார்க்க வந்த நாளில், எதிர் வீட்டம்மா தன் கிளியைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு இறகு கொட்டுகிறதாம். அதற்கடுத்த வாரம் ஒரு பூனை வந்தது, பிறகு ஒரு ஆட்டுக்குட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் இப்போது நாலைந்து பேர் நிற்கிறார்கள். "உங்களாலதான்க்கா எனக்கு லீவே இல்லாமப் போச்சு" என்று டாக்டரம்மா என்னைத் திட்டுகிறார். திட்டிக்கொண்டே கையை முழங்கை வரை கழுவுகிறார். அந்த ஆட்டுக்குட்டிக்குக் கால் முறிந்திருந்தது. கட்டுப் போட்டு மூன்று வாரத்தில் சரியாகி, எங்கள் வீட்டு முன்னால் இருந்த செம்பருத்தி முழுவதையும் தின்றுவிட்டுப் போனது.